செயலி வாங்குவதா, செய்யக் கற்பதா?

(நமது அறக்கட்டளை அரங்கில் நடைபெற்ற மாணவர் கணினிப் பயிற்சித் தொடக்க நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





வரவேற்புரையும் வாழ்த்துரையும் முடிந்துவிட்டன. இந்தப் பயிற்சி எதற்காக என்று சொல்வது என் பங்கு. நோட்டீஸில் "கம்ப்யூட்டர் வகுப்பு" என்று போட்டிருந்தோம். அதைப் பார்த்து, டைப்பிங்கும் எக்செல்லும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவையும் தேவையானவைதாம். ஆனால் இந்த முறை நாம் எடுத்திருப்பது வேறு வேலை. இங்கே உட்கார்ந்திருக்கும் 9, 10, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள், நம் முஹல்லாவில் 2, 3, 4-ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கல்வி மென்பொருள் செய்யப்போகிறார்கள். கணக்கு, தமிழ், அறிவியல் என்று ஏதாவது ஒரு பாடத்தில், ஏதாவது ஒரு சின்ன இடத்தில், ஒரு சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கிற மென்பொருள்.

இதன் பின்னணியில் செயற்குழுவில் நடந்த ஒரு விவாதம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இவ்வாண்டுக் கல்வி நிதியை எப்படிச் செலவிடுவது என்று பேசியபோது இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, பாடங்கள் ஏற்றப்பட்ட டேப்லெட்டுகளை மொத்தமாக வாங்கி, ஓராண்டுச் சந்தாவும் கட்டி, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது. மற்றொன்று, நம் நூலக மாடியில் இருக்கும் பத்துக் கணினிகளைச் சரிசெய்து, பெரிய பிள்ளைகளுக்கு மென்பொருள் செய்யக் கற்றுக்கொடுத்து, அதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துவது. முதல் யோசனையைச் சொன்னவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். "நாம் செய்து முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு வருஷம் போய்விடும்" என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலை. முடிவாக, பன்னிரண்டு வாரம் இரண்டாவது யோசனையைச் சோதித்துப் பார்ப்பது, அதன் பிறகு நிதியைப் பற்றி முடிவெடுப்பது என்று தீர்மானித்தார்கள். ஆகவே மாணவர்களே, கொடுத்தவர்களின் பணம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது ஓரளவு உங்கள் கையிலும் இருக்கிறது.

நான் இரண்டாவது யோசனையின் பக்கம் நிற்பவன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். விடை 25. ஆனால் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். ஆசிரியர்களுக்கு இது தெரியும். ஏன் 35? இரண்டிலிருந்து ஏழு போகாது; அதனால் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று போடுகிறது. நான்கிலிருந்து ஒன்று போக 3. ஆக 35. அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று அது புரிந்துவைத்திருக்கும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. விதிதான் தவறு.

இப்போது விலைக்கு வாங்கிய செயலி ஒன்றில் அந்தப் பிள்ளை 35 என்று அழுத்தினால் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வரும். "மீண்டும் முயற்சி செய்" என்று ஒரு குரல் கேட்கும். பிள்ளை 34, 36 என்று அழுத்திப் பார்க்கும். கடைசியில் 25 வரும், ஒரு நட்சத்திரம் கிடைக்கும். மனத்தில் இருந்த தவறான விதி அப்படியே இருக்கும். நல்ல மென்பொருள் என்றால், 35 வந்தவுடன் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுகொள்ள வேண்டும். நான்கு பத்துகளில் ஒன்றைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கித் திரையில் காட்ட வேண்டும். அப்படி ஒரு மென்பொருளைச் செய்பவருக்குக் கழித்தலும் தெரிந்திருக்க வேண்டும். கழித்தலில் பிள்ளை எங்கே இடறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கற்பிக்க வேண்டும் என்ற பொறுப்பு வரும்போது நாம் கற்கும் முறையே மாறிவிடும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் உஸ்தாத் நடத்திய சபக்கை, மாலையில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். தக்ரார் என்பார்கள். இன்று எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான் என்று தெரிந்த நாளில் என் காது வேறு விதமாக வேலை செய்யும். "இந்த இடத்தில் ஒருவன் கேள்வி கேட்பானே, என்ன சொல்வது?" என்று மனம் முன்கூட்டியே தேடும். கல்வி மென்பொருள் செய்யும் மாணவருக்கும் அதே நிலைதான். இன்னும் ஒரு படி கூடுதல் என்றே சொல்லலாம். தக்ராரில் நண்பனிடம் கொஞ்சம் மழுப்பி ஒப்பேற்றிவிடலாம். கணினியிடம் அது நடக்காது. ஒவ்வொரு படியையும் தெளிவாகச் சொன்னால்தான் அது நகரும்.

இதை வெளிநாட்டில் முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கணினி பிள்ளைக்குக் கட்டளை இடுவதைவிட, பிள்ளை கணினிக்குக் கட்டளை இட வேண்டும் என்பது பேப்பர்ட்டின் வாதம். அவருடைய வழியில் வந்த இடித் ஹாரெல் என்ற ஆய்வாளர், 1980களில் பாஸ்டன் நகரின் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். "உங்களுக்கு அடுத்த கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கற்பிக்கும் மென்பொருள் செய்யுங்கள்" என்பதே அந்த வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. அன்றன்றைய திட்டம், வந்த சிக்கல், செய்த மாற்றம் எல்லாம் அதில் எழுத வேண்டும். மென்பொருளைத் தங்கள் விருப்பப்படி வடிவமைக்கலாம்.

பல வாரங்களுக்குப் பிறகு, லோகோ மொழியை வேறு முறைகளில் கற்ற இரண்டு வகுப்புகளோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். மென்பொருள் செய்த பிள்ளைகள் பின்னங்களிலும் முன்னே நின்றார்கள், நிரல் எழுதுவதிலும் முன்னே நின்றார்கள். ஒன்றுக்கு நேரம் கொடுத்தால் மற்றது குறையும் என்று நாம் நினைப்போம். இங்கே இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. தொடக்கத்தில் வட்டத்தை வெட்டி நிழலிடும் பாடப்புத்தகப் படம்தான் பின்னம் என்று எண்ணியிருந்த ஒரு சிறுமி, நாளாக நாளாக வீட்டின் கதவிலும் சன்னலிலும் பின்னத்தைப் பார்க்கத் தொடங்கி, தன் மென்பொருளில் ஒரு வீட்டையே வரைந்து காட்டியதாக அவர் பதிவு செய்திருக்கிறார். 1991-இல் அந்த ஆய்வு நூலாக வந்தது.

மாணவர்களே, "நாங்கள் செய்வதெல்லாம் விளையாட்டுப் பொருளாகத்தானே இருக்கும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் கணக்குப் பாடநூலில் "இணையச் செயல்பாடு" என்ற பகுதியில் ஜியோஜீப்ரா என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணம் மாறும், கூட்டுத்தொகை மாறாது. அந்த மென்பொருள் எங்கே தொடங்கியது தெரியுமா? 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவரின் முதுநிலைப் பட்ட ஆய்வாகத் தொடங்கியது. ஒரு மாணவர் தொடங்கிய வேலை, இன்று நம் ஊர்ப் பிள்ளையின் புத்தகத்தில் இருக்கிறது.

பக்கத்து மாநிலத்தையும் பாருங்கள். கேரள அரசு 2001-இலேயே பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. 2018-இல் "லிட்டில் கைட்ஸ்" என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் குழுக்களை அமைத்தது. அனிமேஷன், நிரல் எழுதுதல், மலையாளத்தில் கணினியைக் கையாளுதல் ஆகியவற்றை அந்தப் பிள்ளைகள் கற்கிறார்கள். நம் மாநிலத்திலும் 2018, 2019-இல் வந்த மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்கள் சி++ மொழியையும் பைத்தான் மொழியையும் கற்பிக்கின்றன. பாடம் இருக்கிறது. அதைக் கொண்டு யாருக்கு என்ன செய்வது என்ற நோக்கம்தான் நம் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒரு முக்கியமான காரணம்: நம் மொழி. நம் பிள்ளைகளுக்கான மென்பொருளை வேறு யாரோ செய்து தருவார்கள் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். "கொக்கு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? சின்னப் பிள்ளையைக் கேட்டால் கொ, க், கு என்று மூன்று விரல் மடக்கும். கணினியைக் கேட்டுப் பாருங்கள். பைத்தானில் அந்தச் சொல்லின் நீளம் என்னவென்று கேட்டால் 6 என்று சொல்லும்!

ஏன்? யூனிகோட் முறையில் தமிழ் உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடாக இருப்பதில்லை. 'க' ஒரு குறியீடு, அதோடு சேரும் 'ொ' என்ற அடையாளம் இன்னொரு குறியீடு. 'க்' என்பதில் புள்ளி தனியாக ஒன்று. 'கு' என்பதில் உகரக் குறி தனியாக ஒன்று. ஆக ஆறு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த சொல் விளையாட்டை அப்படியே தமிழுக்கு மாற்றினால், மூன்று என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்குத் "தவறு" என்று வரும். ஒழுங்காகப் படித்த பிள்ளை, இயந்திரம் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று தன்னையே சந்தேகிக்கும். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது?

இதைத் திருத்துவது கஷ்டமா? பத்தாம் வகுப்பு மாணவரால் முடியும். உயிர்மெய்க் குறிகள் பதினொன்று. புள்ளியோடு சேர்த்துப் பன்னிரண்டு. எண்ணும்போது இந்தப் பன்னிரண்டையும் தனி எழுத்தாகக் கணக்கில் எடுக்காதே, முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்த்துக்கொள் என்று நிரலில் ஒரு விதி எழுதினால் போதும். கொக்கு மூன்றாகிவிடும். இந்த விதியை எழுதும் மாணவர், உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று சின்ன வயதில் ராகம் போட்டுச் சொன்னதன் பொருளை அப்போதுதான் உண்மையில் புரிந்துகொள்வார். பைத்தானில் "ஓப்பன் தமிழ்" என்று இலவசமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு ஒன்று இந்த வேலையைச் செய்து தருகிறது. அதையும் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்கள்.

எழுத்தைக் கருவிக்கேற்ப வளைப்பதும், கருவியை எழுத்துக்கேற்ப வளைப்பதும் நம் முன்னோருக்குப் பழக்கமானவை. அரபு எழுத்தில் தமிழை எழுத முற்பட்டபோது, நம் ஒலிகள் சிலவற்றுக்கு அங்கே எழுத்து இல்லை. அதற்காகத் தமிழை விட்டுவிடவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். அர்வி என்கிற அரபுத்தமிழ் அப்படித்தான் வந்தது. அந்தத் துணிவு இந்தத் தலைமுறைக்கும் வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கும் மதரஸா மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு இறந்துபோனால், நம் பாகப்பிரிவினைச் சட்டப்படி மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, மீதி மகனுக்கு. மீதி எவ்வளவு? 8-க்கும் 6-க்கும் மீச்சிறு பொது மடங்கு 24. மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17 பங்கு. பள்ளியில் ஆறாம் வகுப்பில் "இது எதற்கு உதவும்?" என்று கேட்டுக்கொண்டே போட்ட கணக்குதான் இது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலில் பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கென்றே பெரும்பகுதி ஒதுக்கினார். கணினித் துறையில் தினமும் புழங்கும் "அல்காரிதம்" என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. பங்குகளைப் படம் போட்டுக் காட்டி, பின்னத்தைக் கற்பிக்கும் ஒரு மென்பொருளை நீங்கள் செய்யுங்கள். ஆனால் அது கணக்குக் கற்பதற்கு மட்டுமே. குடும்பத்தில் உண்மையான பிரிவினை என்றால் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும்தான் போக வேண்டும் என்று முதல் திரையிலேயே எழுதிவிடுங்கள்.

இனி, எப்படி நடத்தப்போகிறோம் என்பது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டிரண்டு மணி நேரம். பன்னிரண்டு வாரம்.

முதல் வாரம் கணினியைத் தொடப்போவதில்லை. இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒவ்வொரு மாணவரும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்து, அவர்கள் செய்யும் தவறுகளை எழுத வேண்டும். "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று அதட்டாமல் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் எழுத வேண்டும். இரண்டாம் வாரம், அந்தத் தவறுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். "மூன்றாம் வகுப்புக் கணக்கு முழுவதும்" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். கடன் வாங்கிக் கழித்தல், ண-ன வேறுபாடு, கடிகாரம் பார்த்து மணி சொல்லுதல்: ஒருவருக்கு ஒன்று போதும்.

மூன்றிலிருந்து ஆறாம் வாரம் வரை ஸ்கிராட்ச் கற்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாகி 2007-இல் பொதுவுக்கு வந்த இலவச மென்பொருள் இது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல். திரையில் தமிழில் எழுதலாம், உங்கள் குரலையே பதிந்து பேசவைக்கலாம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மேல்நிலை மாணவர்கள் விரும்பினால் பைத்தானில் செய்யலாம். கைப்பேசியில் ஓட வேண்டும் என்றால் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் இருக்கிறது.

ஏழு, எட்டாம் வாரங்களில் முதல் வடிவம். ஒன்பதாம் வாரம்தான் உண்மையான பரீட்சை. சின்னப் பிள்ளையை உட்காரவைத்து, செய்தவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். "அதை அழுத்து, இதை அழுத்து" என்று வாய் திறக்கக் கூடாது. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், மென்பொருளில் ஏதோ சரியில்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இதில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம் நூலகத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் சென்ற விடுமுறையில் வாய்ப்பாட்டு விளையாட்டு ஒன்று செய்தார். சரியான விடைக்குக் கைதட்டல். தவறான விடைக்கு, கூரையிலிருந்து பூனை "தொப்"பென்று விழும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பியிடம் கொடுத்தார். அவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தவறான விடையையே அழுத்தினான். பூனை விழுவதைப் பார்க்கத்தான்! அக்கா கோபப்படவில்லை. யோசித்தார். சரியான விடைக்குப் பூனை ஏணியில் ஒரு படி ஏறும்படியும், தவறான விடைக்குப் பூனை அசையாமல் நிற்க, ஏழு வரிசை நான்கு புள்ளி என்று திரையில் வந்து எண்ணச் சொல்லும்படியும் மாற்றினார். பத்துப் படி ஏறினால்தான் பூனை கூரையிலிருந்து குதிக்கும். இப்போது அந்தத் தம்பிக்குப் பூனை குதிக்க வேண்டும் என்றால் நாலேழு இருபத்தெட்டு தெரிய வேண்டும். ஒரு பொருளைச் செய்து, பயன்படுத்துபவரைக் கவனித்து, திருத்துவது என்ற பெரிய பாடத்தை அந்தப் பெண் பிள்ளை ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டார்.

பத்து, பதினொன்றாம் வாரங்கள் திருத்தத்துக்கு. பன்னிரண்டாம் வாரம் இதே அரங்கில் கண்காட்சி. சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து பயன்படுத்துவார்கள், பெற்றோர் பார்க்கலாம். தேறியவற்றை வேண்டும் பள்ளிகளுக்கு இலவசமாகப் பிரதி எடுத்துக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

முதல் வாரமும் கடைசி வாரமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே வகைக் கணக்குகள் பத்துக் கொடுத்துப் பார்ப்போம். பெரிய பிள்ளைகளுக்கும் அதே பாடத்தில் சில கேள்விகள் கேட்போம். இருபது முப்பது பிள்ளைகளை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் செயற்குழு முடிவெடுக்கும்போது பேச்சுத் திறமையை மட்டும் நம்ப வேண்டியிருக்காது. கையில் நோட்டுகளும் விடைத்தாள்களும் இருக்கும். முன்னேற்றம் இல்லையென்றால் அதையும் இதே இதழில் எழுதுவோம்.

சில சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்க் குறைந்துவிடாதா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். வாரம் நான்கு மணி நேரம். கைப்பேசியில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு, சின்னப் பிள்ளைக்குப் பின்னம் புரியவைத்த மாணவருக்கு இயற்கணிதத்தில் பின்னம் வரும்போது தடுமாற்றம் குறையும்.

"இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளைகள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. நிரலை அது எழுதித் தரும் என்பது உண்மை. ஆனால் என்ன எழுத வேண்டும் என்று யார் சொல்வது? நம் தெருவில் ஒரு பிள்ளை 35 என்று எழுதியதையும், ஏன் என்று கேட்டபோது அது சொன்ன பதிலையும் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணனோ அக்காவோதான் அறிவார். எழுதி வந்த நிரல் கொக்குக்கு ஆறு எழுத்து என்று சொன்னால், அது தவறு என்று கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர் அந்தக் கருவியை வேலை வாங்குவார். தெரியாதவர் அது கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாணவியருக்குத் தனி வரிசை, பெண் ஆசிரியர், மஃரிபுக்கு முன் வீடு திரும்பும் நேரம் எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறோம். +2 முடித்தவுடன் படிப்பை நிறுத்தும் பெண்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில் என்று நாம் தேடிக்கொண்டிருப்பது இதுதான். கூடவே, வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் தவறுகளை அருகிலிருந்து பார்ப்பவர்களும் அவர்களே.

கடைசியாக ஒரு கண்டிப்பு. நீங்கள் செய்யும் எந்த மென்பொருளிலும் சின்னப் பிள்ளையின் முழுப்பெயர், புகைப்படம், தொலைபேசி எண் எதையும் கேட்கக் கூடாது. விளம்பரம் கூடாது. 2023-இல் நம் நாட்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிக் கொடுத்த பிள்ளையின் விவரம் அமானிதம். அடுத்தவர் வரைந்த படத்தையோ பதிந்த ஒலியையோ அனுமதியின்றி எடுக்காதீர்கள். படத்தை நீங்களே வரையுங்கள். பூனை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்பில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய நன்கொடை இல்லை. கணினித் துறையில் வேலை செய்யும் நம் ஊர் இளைஞர்கள், ஊருக்கு வரும் வார இறுதியில் இரண்டு மணி நேரம் மாடிக்கு வாருங்கள். வீட்டில் பயன்படுத்தாத மடிக்கணினி இருந்தால் கொடுங்கள். பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் அதைத் தூசி தட்டிப் பிள்ளைகளே கொண்டு வரலாம்.

மாணவர்களே, வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். தம்பி அல்லது தங்கையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். சிவப்பு மை அதிகமாக இருக்கும் நோட்டாகப் பார்த்து எடுங்கள். நம் வேலை அதிலிருந்துதான் தொடங்குகிறது.